தோன்றா எழுவாய்

சமையல் நூலைத் திறனாய்வுக்குரிய எழுத்தாகக் கொள்வோர் நம்மிடையே அரியர். குசினிக்குரிய கைநூலென்று அதனை ஒதுக்கிவிடுகின்றனர். ஆயின் எந்த எழுத்தும் ஒரு சமுதாய உறவினுள்ளேதான் பிறக்கின்றது. சமையற் குறிப்பின் மொழிநடையே இதற்குச் சான்று. "நறுக்குக, வதக்குக, சுடுக" என வியங்கோள் வினைகள் அணிவகுத்து வருகின்றன. செய்பவர் யார்? நாம் வகுப்பிலே கற்பிக்கும் இலக்கணப்படி அவர் தோன்றா எழுவாய். இலக்கணத்தில் அது வெறும் வசதி. வரலாற்றிலோ அதுவே மறைப்பு.

தென்னாபிரிக்காவின் பொபோட்டி என்னும் உணவை எடுத்துக்கொள்வோம். அரைக் கிலோ கொத்திறைச்சியை வெங்காயம், இஞ்சி, மஞ்சள், கறித்தூள் ஆகியவற்றுடன் வதக்குவர். பாலில் ஊறிய இரு துண்டு பாணைப் பிழிந்து அதனுடன் பிசைந்து, சிறிது வினாகிரியும் சீனியும் உலர்ந்த திராட்சையும் சேர்ப்பர். தட்டிலே பரப்பி, எலுமிச்சை இலைகளைச் செருகி, பாலில் அடித்த இரு முட்டைகளை மேலே ஊற்றிப் போறணையில் வைத்தால், அரைமணி நேரத்தில் மேற்பரப்பு இறுகிப் பொன்னிறமாகும். போறணை இல்லாத வீட்டில், மூடிமேல் தணல் பரப்பிய கனத்த சட்டி போதும். பாண் சேர்வதால் இறைச்சி பலருக்குக் காணும். சிக்கனத்தின் அறிவும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

மஞ்சளும் கறித்தூளும் ஆபிரிக்காவின் தென்முனைக்கு எவ்வாறு சென்றன? ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1652இல் அங்கே குடியேற்றம் அமைத்தது. அதே கம்பனிதான் 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றியது. 1652 முதல் 1808 வரை ஏறத்தாழ 63,000 அடிமைகள் அங்கு இறக்கப்பட்டனர் என வரலாற்றாசிரியர் கணிப்பர். அவருள் நான்கில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தவர். ஆவணங்களிலே பலருக்கு உரிமையாளன் சூட்டிய பெயரும், 'வங்கத்திலிருந்து', 'சோழமண்டலத்திலிருந்து', 'இலங்கையிலிருந்து' என்னும் ஒட்டுமே எஞ்சியுள்ளன. இந்தோனேசியத் தீவினரும் இவர்களும் எசமானரின் அடுப்படியில் ஒன்றாக உழைத்தனர். அவ்வடுப்படியின் கூட்டுப் படைப்பே பொபோட்டி.

அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிந்தது. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1891இல், இல்டகொண்டா டக்கிற் என்னும் சீமாட்டி தம் புகழ்பெற்ற சமையல் நூலை வெளியிட்டார். கேப், இந்திய, மலாய் உணவுகள் பல இதனுள் உள என அதன் தலைப்புப் பக்கமே அறிவிக்கின்றது. அவற்றைத் தொகுத்துக் காத்த உழைப்பை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இனத்தின் பெயர் தலைப்பிலே ஏறியது. சமைத்த கையின் பெயர் ஏறவில்லை என்பதையும் குறிக்காமல் விட இயலாது.

இது தொலைவிலுள்ளோர் கதை என்று ஹல்துமுல்லையிலிருந்து படிக்கும் நாம் தள்ளிவிடலாமா? அதே கம்பனி ஆட்சியின் நினைவாக இலங்கையிலே லம்பிரைசும், அதனுள் வைக்கும் பிரிக்கடெல் என்னும் இறைச்சி உருண்டையும் இன்றும் வழங்குகின்றன. பின்னர் வந்த ஆங்கிலத் துரைமாரின் பங்களாக்களிலே போறணையைக் காத்தவர் 'அப்பு' எனப்பட்ட சமையற்காரர். மலைச்சரிவின் கீழே, 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிராவிலே, கொழுந்து பறித்துத் திரும்பிய பெண் ரொட்டி சுட்டாள். துரைமாரின் பெயர்கள் தோட்ட வரலாறுகளில் உள்ளன. அப்புவின் பெயரை எந்த நூலிலே தேடுவது?

நம் மரபு இதனினும் உயர்ந்ததென்று சிலர் குறுந்தொகையைக் காட்டக்கூடும். அதன் 167ஆம் பாட்டிலே தயிர் பிசைந்த விரலும், கழுவாது உடுத்த ஆடையும், தாளிப்புப் புகை படிந்த கண்ணும் நம் முன் நிற்கின்றன. உழைப்பவளைக் கண்ணாரக் கண்ட கவிதை அது. கூடலூர் கிழாரின் பெருமையும் அதுவே. எனினும் அவளுக்குக் கிடைத்த கூலி, கணவன் 'இனிது' என்று உண்டது ஒன்றே. அவளுக்கும் பெயரில்லை. அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டாமை மரபென்பது உண்மையே. துரை பங்களாவின் அப்புவுக்கு அந்த மரபு பொருந்தாது.

சமையற் குறிப்பில் வரலாற்றைத் தேடுவது வீண்வேலை என்பார் உளர். சுவையை மட்டும் ஏற்று, சுவைத்தந்த கையை மறப்பது சுரண்டலின் இறுதிக் கட்டம் என்பதே அவர்க்கு நம் விடை. பங்களாக்களிலே சமைத்த முதியவர் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். மாணவர் அவர்களிடம் சென்று செய்முறையைக் கேட்டு எழுதட்டும். ஒவ்வொரு குறிப்பின் தலையிலும், அவர் இசைவோடு, அவர் பெயரையும் எழுதட்டும். வாக்கியத்திற்கு எழுவாய் வேண்டுமென்பது நாம் கற்பிக்கும் முதற்பாடம் அன்றோ?