கட்டிய இரவுகள், கட்டாத பகல்கள்

பிரயாணம் புறப்படுவதற்கு முன்னால், அந்தப் பிரயாணத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது. சமையலுக்கு முன் காய் நறுக்குவதை எப்படி ஒருவரும் கலைகளின் ஜாபிதாவில் சேர்ப்பதில்லையோ, அப்படியே இதையும் சேர்ப்பதில்லை. ஆயினும், அவியலுக்கு ஒரு விதமாகவும் கூட்டுக்கு ஒரு விதமாகவும் பொரியலுக்கு வேறு விதமாகவும் காயின் சுபாவமறிந்து அரிவாள்மணையில் ஓடுகிற ஒரு கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, ருசியில் பாதி அங்கேயே நிர்ணயமாகிவிடுகிறது என்பது தெரியும். ஐரோப்பாவுக்குப் போகிற ஒருவர், எதை டிராவல் ஏஜெண்டின் கையில் ஒப்படைப்பது, எதைத் தம் கையில் வைத்துக்கொள்வது, எதை இருவர் கையிலும் இல்லாமல் அந்தந்த நாளின் கையில் விட்டுவிடுவது என்று பகுத்துப் பார்க்கிற விவேகமும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. அதைச் செவ்வையாகச் செய்தவர்களுடைய பிரயாணத் திட்டம் கையில் கிடைத்தால், ஒரு நல்ல கடிதத்தைப் படிப்பதுபோல் நான் இரண்டு முறை படிப்பேன்.

இந்த ரசனை எனக்குச் சும்மா வந்துவிடவில்லை. இரண்டு பிரயாணங்களைக் கெடுத்துக்கொண்டுதான் வந்தது.

முதல் முறை போனபோது எங்கள் ஊர் ஏஜெண்டு, “சார், நீங்க பெட்டியை மட்டும் தூக்கிட்டு வாங்க, மிச்சமெல்லாம் என் பொறுப்பு” என்றார். அவர் சொன்ன சொல்லும் தவறவில்லை. விமானம், பஸ், ஓட்டல், வழிகாட்டி, குழுவோடு கூடவே வந்த சமையற்காரர் கையால் மத்தியானம் சாம்பார் சாதம் என்று சகலமும் வேளை தவறாமல் நடந்தன. ஆனால் லூஸெர்ன் நகரத்தில் ஒரு குன்றின் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கும் அந்தச் சாகும் சிங்கத்தின் எதிரில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியபோதுதான் சங்கடம் தொடங்கிற்று. 1792-இல் பாரிஸ் அரண்மனையைக் காத்து நின்று மடிந்த சுவிஸ் காவல்வீரர்களின் நினைவாக, தோர்வால்ட்ஸன் என்ற டேனிஷ் சிற்பி வகுத்துக் கொடுத்த உருவத்தைக் கொண்டு 1821-இல் செதுக்கி முடித்த சிற்பம் அது. முறிந்த ஈட்டி விலாவில் தைத்திருக்க, பிரெஞ்சு அரசின் சின்னம் பொறித்த கேடயத்தின்மேல் முன்னங்காலைப் போட்டபடி, உயிர் பிரிகிற சமயத்திலும் அதை விட மனமில்லாமல் சாய்ந்து கிடக்கிற அந்த முகத்தைப் பார்ப்பதற்கு எங்களுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். கடிகாரக் கடையைப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள்.

அந்தக் கோபத்தில், இரண்டாம் முறை ஏஜெண்டின் வாசற்படியே மிதிக்காமல், விமான டிக்கெட்டையும் விஸாவையும் தவிர ஒன்றையும் முன்கூட்டி நிச்சயிக்காமல், சர்வ ஸ்வதந்திரனாகப் புறப்பட்டேன். மிலான் நகரத்தில் சாந்தா மரியா தெல்லே கிராத்ஸியே என்ற மடத்தின் போஜன சாலைச் சுவரில் லியோனார்டோ தீட்டிய ‘கடைசி இராவுணவு’ இருக்கிறது. ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டுகிற வழக்கத்தை விட்டு உலர்ந்த சுவரின்மேல் தீட்டியதால் சீக்கிரமே உதிரத் தொடங்கி, 1943-ஆம் வருஷத்துக் குண்டுவீச்சில் அந்தக் கூடமே இடிந்தபோது மணல்மூட்டைகளின் மறைவில் தப்பி, 1978 முதல் 1999 வரை ஒரு நோயாளியைப்போல் சிகிச்சை பெற்று, ஆயுளை நீட்டித்துக்கொண்டிருக்கிற சித்திரம் அது. ஆகையால் மனிதர்களின் மூச்சுக்காற்றுக்கும் அங்கே அளவு உண்டு. ஒரு கதவு சாத்திக்கொண்ட பிறகே அடுத்த கதவு திறக்கிற அறைகளின் வழியாகச் சிறு சிறு குழுவாக உள்ளே விட்டு, 15 நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அந்த 15 நிமிஷத்துக்கான சீட்டுகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துபோகும் என்ற விஷயம், ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வேதாந்தத்தில் ஊறியிருந்த எனக்கு, சீட்டு கொடுக்கிற ஜன்னலின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பரிதாபமாகச் சிரித்துவிட்டுக் கையை விரித்தாள். முதல் முறை சிங்கத்தின் எதிரில் நேரம் போதவில்லை. இந்த முறை எதிரில் போய் நிற்கவே கொடுத்துவைக்கவில்லை.

எனக்கு நேர்ந்தது புதிய கஷ்டம் அன்று என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1841-ஆம் வருஷம் ஜூலை மாதம் 5-ஆம் தேதி, தாமஸ் குக் என்பவர், தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 500 பேரை இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்திலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் பூகோளம் முழுவதையும் சுற்றிவந்த குக்கின் பிரயாண வியாபாரம், கள்ளும் சாராயமும் கூடாது என்று பிரசாரம் செய்வதற்காக விட்ட வண்டியில் ஆரம்பித்தது. 1863-இல் குக் தம் கூட்டத்தைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போனார். 1868-இல் ஓட்டலில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் கூப்பன்களைக் கொண்டுவந்தார். இது ஒரு பரம்பரை. இதற்கு எதிர்ப் பரம்பரையின் மூலபுருஷர், ஜெர்மனியில் ரைன் நதிக்கரைக் கோப்லென்ஸ் நகரத்தில் 1827-இல் புத்தகப் பதிப்பாளராகத் தொழில் தொடங்கிய கார்ல் பெடெக்கர். கூலி வழிகாட்டிகளின் தயவையும் ஓட்டல்காரர்களின் சொல்லையும் நம்பாமல் பிரயாணி தன் காலிலேயே நின்றுகொள்ள வேண்டும் என்ற சங்கல்பத்தோடு வெளிவந்த பெடெக்கரின் சிவப்பு அட்டைக் கைப்புத்தகங்களில், கட்டாயம் பார்க்க வேண்டியவற்றுக்கு நட்சத்திரக் குறி இட்டிருக்கும்.

இந்த இரண்டு பரம்பரைகளும் ஜென்மப் பகை கொண்டவை என்று எண்ணுவோருக்கு நான் ஒரு விஷயத்தை நினைவூட்டுவதுண்டு. கூட்டம் சேர்த்து அழைத்துப்போன அதே குக் நிறுவனந்தான், 1873-இல் ஐரோப்பிய ரயில்களின் கால அட்டவணையையும் அச்சிட்டு விற்க ஆரம்பித்தது. தனியே போகிற பிரயாணிகள் பாராயணம் செய்யும் கிரந்தமாக அது ஆகிவிட்டது. நோய்க்கு மருந்தும் பத்தியத்துக்குப் பண்டமும் ஒரே கடையில் கிடைத்த கதை இது. 2013-இல் நிறுவனம் அந்த அட்டவணையைக் கைவிட்டது. அதில் உழைத்தவர்களே மறு வருஷம் முதல் தனியாக அதை வெளியிடலானார்கள். 2019-இல் தாய் நிறுவனமே மூழ்கிப்போக, பிள்ளை பிழைத்துக்கொண்டது.

நம்மவர்களைப் பொறுத்த வரையில், எதை முன்பே கட்ட வேண்டும் என்பதற்கு முதல் விதியை வகுத்துக் கொடுப்பது விஸா. ஷெங்கன் விஸாவுக்கு மனுச் செய்கிறவர், போய்வரும் விமான ஏற்பாட்டையும், தங்கப்போகும் இடங்களையும், 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸையும் காட்டியாக வேண்டும். எந்தத் தேசத்தில் அதிக நாள் தங்குகிறோமோ அந்தத் தேசத்துத் தூதரகத்தில்தான் மனுவைக் கொடுக்க வேண்டும். முதலில் இதைப் பெரிய தளையாக எண்ணிச் சலித்துக்கொண்டேன். நிதானமாக யோசித்துப் பார்த்ததில், இந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு தயை ஒளிந்திருப்பது தெரிந்தது. இரவு எங்கே படுப்பாய் என்று அது கேட்கிறதே ஒழிய, பகலில் எந்தக் குளக்கரையில் உட்காருவாய் என்று கேட்பதில்லை. இரவுகளைக் கட்டிவிடு, பகல்களை அவிழ்த்து விடு என்று அதையே நான் சூத்திரமாகக் கொண்டேன். விமானம், விஸாக் காகிதங்கள், ஒவ்வோர் ஊரிலும் படுக்கை ஆகியவை ஏஜெண்டின் ராஜ்யம். பொழுது விடிந்து அடைகிற வரையில் என் ராஜ்யம்.

ஆனால் சூத்திரம் இருந்தால் போதுமா? அதற்கு விலக்குகளும் உண்டு. ரசனையெல்லாம் அந்த விலக்குகளில்தான் இருக்கிறது. வாழைநாரில் மல்லிகை கட்டுகிறவளின் விரலைக் கவனித்திருக்கிறீர்களா? முடிச்சு இறுகினால் காம்பு அறுந்துபோகும். தளர்ந்தால் பூ நழுவிவிடும். எந்தக் காம்பு எவ்வளவு இறுக்கத்தைத் தாங்கும் என்பதை அவள் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. ஐரோப்பாவிலும் தேசத்துக்குத் தேசம் காம்பு வேறு. பிரான்ஸின் அதிவேக ரயிலான டெஜெவேயிலும் இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸ்ஸாவிலும் இடம் பதிவு செய்யாமல் ஏற முடியாது. நாள் நெருங்க நெருங்கக் கட்டணமும் ஏறும். ஆகவே அங்கே முடிச்சு இறுக வேண்டும். அதே இத்தாலியில், ஊர் ஊராக நின்று போகிற உள்ளூர் ரயிலுக்கு இன்று வாங்கினாலும் ஒரு மாதம் முன்பு வாங்கினாலும் ஒரே விலை. காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதித்துக்கொண்டால் போதும். ஜெர்மனியில் பதிவு நம் இஷ்டம். சுவிட்சர்லாந்திலோ, 1982 முதல் ஒரு வழியில் ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிஷத்தில் வண்டி என்ற ஒழுங்கு வந்துவிட்டபடியால், வண்டி தவறிப்போவது அங்கே விபத்தே அன்று. காப்பி குடிக்கக் கிடைத்த அவகாசம். ரோமாபுரியின் போர்கேஸே சித்திரசாலைக்கு வேளை குறித்த சீட்டு முன்பே வேண்டும். வெனிஸில் பெரிய கால்வாயின் துறைதோறும் நின்று செல்கிற முதலாம் எண் படகுக்கு முன்பதிவு ஒன்றும் வேண்டாம். இத்தனையும் அறிந்து, ஓரிடத்தில் இறுக்கி, ஓரிடத்தில் நெகிழ்த்தித் தொடுத்த திட்டத்தைப் பார்க்கும்போது, கட்டியவரின் கைக்கு ஒரு நமஸ்காரம் செய்யத் தோன்றும்.

மூன்றாம் பிரயாணத்தில் நானும் அப்படி ஒன்றைத் தொடுக்க முயன்றேன். மிலான் சித்திரத்துக்கான 15 நிமிஷத்தை ஏஜெண்டு மூன்று மாதம் முன்பே பிடித்துக் கொடுத்துவிட்டார். மிலானிலிருந்து லூஸெர்னுக்குப் போகிற ரயிலில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அவர் பார்த்துவைத்திருந்தது நேரே போகிற வண்டி. 2016-இல் திறந்த கோட்ஹார்டு அடிவாரச் சுரங்கத்தின் வழியாக, மலையின் அடிவயிற்றில் 57 கிலோமீட்டர் நீளத்துக்குத் துளைத்த, உலகத்திலேயே நீண்ட ரயில் சுரங்கத்தின் வழியாக, சுமார் 20 நிமிஷ இருட்டில் ஆல்ப்ஸ் மலையைக் கடத்திவிடுகிற வண்டி அது. நான், “பெல்லின்ஸோனா வரைக்கும் போட்டால் போதும், அங்கிருந்து பழைய மலைப்பாதையில் போய்க்கொள்கிறேன்” என்றேன். “சார், அது ஒரு மணி நேரம் லேட்டாப் போய்ச் சேருமே!” என்று அவர் உண்மையான அக்கறையோடு சொன்னார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் போகிறேன் என்பதை அவருக்கு விளங்கவைக்கச் சிறிது நேரம் பிடித்தது.

அந்தப் பழைய பாதை 1882-இல் திறந்தது. மலையின் உச்சிப் பகுதியில் 15 கிலோமீட்டர் சுரங்கம். அதற்கு ஏறிச் சேரவும் இறங்கி வரவும், பாறைக்குள்ளேயே சங்குச் சுழியைப்போல் வளைந்து வளைந்து செல்லும் குகைகள். பியாஸ்கீனா என்ற பள்ளத்தாக்கில், சற்று முன் நாம் வந்த தண்டவாளம் ஒரு குகைக்குள் புகுந்து வெளிவந்ததும் காலுக்குக் கீழே கிடக்கிறது. இன்னொரு குகை கழிந்ததும் இரண்டு தளங்களாகக் கிடக்கிறது. உச்சிச் சுரங்கத்தைக் கடந்து வடக்கே இறங்கும்போது வாஸ்ஸன் என்ற சிற்றூர். அங்கே ஒரு மேட்டின்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு சிறு தேவாலயம். முதலில் தோன்றும்போது அதன் கோபுரத்தை நாம் மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். வண்டி மலைக்குள் புகுந்து திரும்பி வருகிறது. இப்போது கோயில் நம் கண்மட்டத்தில், வாசலும் ஜன்னலுமாக நிற்கிறது. மறுபடியும் இருட்டு, மறுபடியும் வெளிச்சம். இந்த முறை நாம் கீழே இருந்து அண்ணாந்து, அது நிற்கிற மேட்டின் அடியைப் பார்க்கிறோம். தெற்கிலிருந்து வருகிறவருக்குக் கேசாதிபாதம், வடக்கிலிருந்து வருகிறவருக்குப் பாதாதிகேசம் என்று, சரிவைத் தணிப்பதற்காகக் கணக்குப் போட்ட எஞ்சினியர்கள், அறியாமலே ஒரு தரிசன முறையை வகுத்துவிட்டார்கள். என் அருகில் இருந்த மனைவி, மூன்றாம் முறை தெரிந்தபோது, யாருடைய கோயில் என்று கேட்காமலே கைகூப்பினாள்.

இவ்வளவையும் சொல்வதால் ஏஜெண்டின் பெருமை குறைந்துவிடாது. அன்று அந்த ஒரு மணி நேரத்தை நான் தாராளமாகச் செலவழிக்க முடிந்ததற்குக் காரணம், ராத்திரி படுக்கை லூஸெர்னில் எங்களுக்காகக் காத்திருந்ததுதான். முந்திய பிரயாணத்தில், எனக்கு இருந்த சகல ஸ்வதந்திரத்தில் பாதி, ஒவ்வொரு சாயங்காலமும் பெட்டியை இழுத்துக்கொண்டு அறை தேடுவதிலேயே கழிந்தது. வயதான தாயாரை அழைத்துப் போகிறவருக்கும், கைக்குழந்தையோடு போகிறவருக்கும் முடிச்சுகள் இன்னும் நெருக்கமாகத்தான் விழ வேண்டும். அவர்களைப் பார்த்து ‘கூட்டத்தோடு கோவிந்தா’ என்று சிரிப்பது ரசனையும் ஆகாது, நாகரிகமும் ஆகாது.

மறுநாள் காலை லூஸெர்ன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் சாயங்காலம் இருட்டுகிற வரையில் அந்தச் சிங்கத்தின் எதிரில் இருந்துவிட்டு வந்த திருப்தி மனத்தில் நிறைந்திருந்தது. மனைவி பிளாட்பாரத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, அந்தச் சிவப்பு முள்ளு மேலே போய் நின்னு, மூச்சு வாங்கிட்டுப் போகுது பாருங்க!”

ஹன்ஸ் ஹில்ஃபிகர் என்ற ரயில்வே எஞ்சினியர் 1944-இல் வகுத்த கடிகாரம் அது. வண்டியை விடுவதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் காட்டுகிற வட்டத் தலைக் கோலின் வடிவத்தில் அந்தச் சிவப்பு வினாடிமுள் பிற்பாடு சேர்ந்தது. அது ஐம்பத்தெட்டரை வினாடியிலேயே ஒரு சுற்றை ஓடி முடித்துவிட்டு, உச்சியில் ஒன்றரை வினாடி நிற்கும். எங்கிருந்தோ தலைமைக் கடிகாரம் அனுப்புகிற சமிக்ஞை வந்ததும், நிமிஷமுள் ஒரு தாவல் தாவ, இது மறுபடியும் தன் போக்கில் புறப்படும். இதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒரு வண்டி எங்கள் கண்ணெதிரில் போய்விட்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. அடுத்த மணிக்கு அதே நிமிஷத்தில் இன்னொன்று உண்டு. அதில் எங்கள் பெயருக்கு இடம் ஒன்றும் பதிவாகியிருக்கவும் இல்லை.