இரவு ஷிப்டும் 14416-ம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவருக்குத் தூக்கம் கெட அதிகம் வேண்டியதில்லை. அடுத்த மாதம் கூப்பிடுவார்களா, சூப்பர்வைசர் இன்று ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று யோசனை ஓடிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தால், ஒரே அறையில் படுப்பவர்கள்கூட விழித்திருக்கும் நேரத்தில் சந்திப்பது அபூர்வம்.

இதற்கு அரசு காட்டும் வழி 14416 என்ற தொலைபேசி எண். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற இந்த மனநலச் சேவை கட்டணமில்லாதது, 24 மணி நேரமும் இயங்குவது, 20 மொழிகளில் கிடைப்பது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே தங்கியிருப்பவர்களுக்கு அந்தக் கடைசி அம்சம் சாதாரணமானதல்ல. மனநல மருத்துவரைப் பார்க்கப் போனால் செய்தி மறுநாளே லைன் வரை வந்துவிடும் என்ற பயமும் தொலைபேசியில் இல்லை.

தொலைபேசியில் மனக்கவலை கேட்கும் இந்த முறைக்குத் தமிழ்நாட்டில் முன்னோடியும் உண்டு. 1986-இல் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவில் தன்னார்வலர்கள் புத்தி சொல்வதில்லை, கேட்கிறார்கள். 'அதையே நினைக்காதே, எல்லாம் சரியாயிடும்' என்று பேச்சை அங்கேயே முடித்துவிடும் நம் வீட்டு ஆறுதலைவிட இது எவ்வளவோ மேல்.

குறைகளும் சிறியவை அல்ல. பலர் படுத்திருக்கும் அறையில் மனம்விட்டுப் பேச இடம் ஏது? மறுமுனையில் இன்று கேட்டவரே நாளையும் வருவார் என்பதும் இல்லை. நட்புக்கு ஏங்குபவருக்குக் கிடைப்பது ஓர் உரையாடல் மட்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். இந்தச் சேவை கவலையைத் தனி மனத்தின் கோளாறாகவே பார்க்க நேர்கிறது. ஆனால் கவலைக்குக் காரணம் வெளியிலும் இருக்கலாம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லி அருகே தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் நிலைமை தெரியாததால், சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். வதந்தி பொய். ஆனாலும் அந்தப் பதற்றத்தை மிகையோசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆலோசகர் அல்ல, எந்த மருத்துவமனையில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல்.

ஆகவே 14416-ஐ விடுதிச் சுவரில் ஒட்டட்டும். கூடவே ஷிப்ட் பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே ஒட்டலாம். ஒரே அறைக்காரர்களை ஒரே ஷிப்டில் போடலாம். இதற்கு மனநலம் படித்தவர் வேண்டாம், ஒப்பந்தக்காரர் மனம் வைத்தால் போதும்.