மாரன்ட்ஸ் 7 கைமாறும்போது

மாரன்ட்ஸ் 7 வால்வு ப்ரீ-ஆம்ப் விற்பனைக்கு என்று தெரிந்ததும் விசாரிக்கிறவர்கள் முகப்பைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். கீறல் இருக்கிறதா, மரப்பெட்டி சேர்த்தா, குமிழ்கள் ஒரிஜினலா? நிறுவனர் சால் மாரன்ட்ஸ் வரைகலைத் தொழிலிலிருந்து வந்தவர். அந்த முகப்பின் ஒழுங்கு யார் கண்ணையும் நிறுத்தும். ஆனால் என்னுடையதைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்த பிறகும் எனக்கு மனசு வராமல் இருப்பது முகப்பால் அல்ல. இசைத்தட்டுக்கான அதன் ஃபோனோ பகுதியால்.

மாரன்ட்ஸ் பொறியாளர் சிட்னி ஸ்மித்தின் கைவண்ணம் அது. ஆறு வால்வுகளில் மூன்றை அதற்கே ஒதுக்கிவிட்டார். சேனலுக்கு மூன்று ட்ரையோடு. இரண்டு பெருக்குகின்றன, மூன்றாவது கேதோடு ஃபாலோயர். அங்கிருந்து முதல் ட்ரையோடின் கேதோடுக்குத் திரும்பி வருகிற ஃபீட்பேக் பாதையிலேயே இசைத்தட்டுக்குத் தேவையான ஆர்ஐஏஏ சமனாக்கம் நடந்து முடிந்துவிடுகிறது. 1958-ல் வந்த இந்தச் சர்க்யூட்டைப் பிறகு எத்தனையோ பேர் எடுத்தாண்டார்கள். காகிதத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். கேட்டால் அந்தக் குணம் வராது. இசைத்தட்டின் இரைச்சல் ஒரு தளத்திலும் இசை வேறொரு தளத்திலும் பிரிந்து நிற்பதை நான் இதில்தான் கேட்டேன்.

ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவான்ஸின் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’யைப் போட்டுப் பாருங்கள். 1961 ஜூன் 25 அன்று, மன்ஹாட்டனில் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பதிவானது. அதே ஊரில், ஈஸ்ட் ரிவருக்கு அந்தப்புறம் லாங் ஐலண்ட் சிட்டியில்தான் மாரன்ட்ஸ் தொழிற்கூடமும் இருந்தது. ஸ்காட் லஃபாரோ அன்று வாசித்த பாஸ்! அடுத்த இரண்டு வாரத்துக்குள் கார் விபத்தில் போய்விட்டார், வயது 25. விரல் தந்தியை இழுக்கும் சத்தம், அதன் பின்னாலேயே மரம் அதிரும் ஒலி, தூரத்து மேசையில் கண்ணாடிக் கோப்பைகள் உரசுவது. மூன்றும் மூன்று இடத்தில் கேட்கும்.

‘7-ல் பாஸ் மெலிவு, மெக்கின்டாஷ் சி22-தான் நிறைவு’ என்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. சி22-இன் இனிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இவர்களில் பலர் 7-ஐக் கேட்டது ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்ப்போடு. பத்தாயிரம், இருபதாயிரம் ஓம் இன்புட் இம்பீடன்ஸ் உள்ள ஆம்ப்பை இதன் பின்னால் மாட்டினால், வெளிவரும் வழியில் இருக்கிற கெபாசிட்டர் அடிஸ்தாயியைத் தின்றுவிடும். லட்சம் ஓமுக்கு மேல் உள்ள வால்வு ஆம்ப்பை வைத்துக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

டிஜிட்டல் பெட்டியிலிருந்து நேரே பவர் ஆம்ப்புக்குப் போய்விட்டால் ப்ரீ-ஆம்ப்பே வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இசைத்தட்டு கேட்காதவர்களோடு இதில் எனக்கு வழக்கில்லை.

என் வருத்தம் வேறு. உள்ளே கைபடாத 7 இன்று அபூர்வமாகிவிட்டது. ஒரிஜினல் ஸ்ப்ரேக் கெபாசிட்டர்களை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு, கட்டைவிரல் பருமனுக்குப் புதியவற்றைத் திணித்து, ‘மேம்படுத்தப்பட்டது’ என்று விலையை ஏற்றுகிறார்கள். கசிகிற கெபாசிட்டரை மாற்றத்தான் வேண்டும். கசியாததை ஏன் தொட வேண்டும்? செலினியம் ரெக்டிஃபையர் வயதானால் போய்விடும், அதை மாற்றுவது நியாயம். ஆனால் சிலிக்கான் டயோடை மாட்டிவிட்டு மின்னழுத்தம் ஏறுவதைக் கவனிக்காமல் விட்டவர்களின் வேலையைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு ரெசிஸ்டர் போட்டு இறக்கியிருக்க வேண்டும். வால்வுகள் டெலிஃபுங்கன் என்று எழுதியிருந்தாலும் கழற்றி அடியைப் பார்க்கணும். கால்களுக்கு நடுவே கண்ணாடியில் வைர வடிவம் அச்சாகியிருக்கிறதா? மேலே இருக்கும் எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம்.

எனக்கு இதை விற்ற பெரியவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிற்பகல் முழுக்கத் தட்டு மாற்றி மாற்றிப் போட்டார். இடது சேனலில் வால்யூம் குமிழ் எந்த இடத்தில் கரகரக்கும் என்பதைத் தானே திருப்பிக் காட்டினார். மாற்றிய உதிரிகள் எல்லாம் ஒரு உறையில், மாற்றிய தேதியோடு. விற்பதென்றால் அப்படித்தான் என்று நான் பழகிவிட்டேன். இப்போது வருகிற கேள்விகளைப் பார்த்தால், வாங்கிய பிறகாவது இதில் இசை கேட்பார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது. நான்கு புகைப்படம், ஒரு பேரம், கூரியர்.

என்னுடையது அமெரிக்க 117 வோல்ட் செட். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்பார்மரையும் சேர்த்தே தருகிறேன். கூரியரில் அனுப்ப மாட்டேன். தட்டோடு வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு எடுத்துப்போக வேண்டும். வருகிறவரிடம் பவர் ஆம்ப் எது, அதன் இன்புட் இம்பீடன்ஸ் எத்தனை என்று முதலில் கேட்பேன். பத்தாயிரம் ஓம் என்றால், எவ்வளவு பணம் நீட்டினாலும், அவருக்கு ஏற்ற ஒரு நல்ல ட்ரான்சிஸ்டர் ப்ரீ-ஆம்ப்பைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.