முதலில் வந்திருக்க வேண்டிய 15-ஆம் அத்தியாயம்

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கால் கொஞ்சம் குட்டையானது போலத் தெரிந்தது. எக்ஸ்ரே அறையில் இருந்த இளைஞர், வேலைக்கு வந்து ஓரிரு மாதம்தான் ஆகியிருக்கும், அப்பாவை மேஜைக்கு மாற்றிப் படுக்கவைத்து, இரண்டு பாதங்களையும் பிடித்து உள்பக்கமாகத் திருப்பப் பார்த்தார். அப்பா போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. உள்ளேயிருந்து ஒரு மூத்த டெக்னீஷியன் ஓடிவந்து, "விடு தம்பி. கால் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், நீ மெஷினைத் திருப்பு" என்றார்.

அந்த இளைஞர் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. ரேடியோகிராபி மாணவர்கள் படிக்கும் பாண்ட்ரேகர் பாடநூலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்த பிறகு கோபம் இடம் மாறியது. இடுப்பை நேராகப் படமெடுக்க, கால்களை 15 முதல் 20 டிகிரி உள்பக்கம் திருப்பு என்றுதான் புத்தகமே சொல்லித் தருகிறது. தொடை எலும்பின் கழுத்து சற்று முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், அப்படித் திருப்பினால்தான் அது முழு நீளத்தில் படத்தில் விழும். எலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் திருப்பாதே என்ற எச்சரிக்கையும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எச்சரிக்கை ஓரிரு வரி, திருப்பும் முறை படத்தோடு ஒரு பக்கம். அவருக்குப் பக்கம் நினைவிருந்தது, வரி மறந்துபோயிருந்தது.

இந்தக் குறிப்பு அந்தப் புத்தகத்தின் 15-ஆவது அத்தியாயத்தைப் பற்றி. விபத்தில் அடிபட்டவர்கள், வார்டுக்கு உருட்டிக்கொண்டு போகும் கருவி, அறுவை அரங்கு மூன்றும் சேர்ந்த அத்தியாயம். நெஞ்சு, வயிறு, கை, கால், மண்டை, குடல், சிறுநீரகம் எல்லாம் முடிந்த பிறகுதான் இது வருகிறது. மென்பொருள் எழுதும் எங்களுக்கு இந்த வரிசை நன்றாகவே பழக்கம். எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் எழுதுவோம். சரியாக நடக்காதபோது என்ன செய்வது என்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்போம்.

அத்தியாயம் மோசம் என்று சொல்லவில்லை. உள்ளதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். மூன்று விதிகளில் மொத்தத்தையும் அடக்கிவிடுகிறார்கள்: ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் குறைந்தது இரண்டு படங்கள், அடிபட்ட பகுதி முழுதும் படத்துக்குள் வரவேண்டும், நோயாளி, ஊழியர், அக்கம்பக்கத்தவர் மூவருக்கும் பாதுகாப்பு. மிச்சமெல்லாம் நோயாளியை அசைக்காமல் கருவியை அசைப்பது எப்படி என்ற வித்தைதான். கழுத்தில் அடிபட்டவருக்குக் காலரைக் கழற்றாமல், கதிரைப் படுக்கைவாட்டில் அனுப்பிப் பக்கவாட்டுப் படம் எடுக்கிறார்கள். அப்பாவுக்கு அந்த மூத்தவர் செய்தது டேனீலியஸ்–மில்லர் முறை என்று இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல காலைத் தூக்கிவைத்து, அடிபட்ட பக்கத்து இடுப்போரம் கேசட்டைச் செங்குத்தாக நிறுத்தி, கால் நடுவிலிருந்து கதிரைக் கிடையாக விடுவது. அடிபட்ட காலைத் தொடவே வேண்டாம்.

குறை எங்கே என்றால், புகைப்படங்களில். படுத்திருப்பவர்கள் முகத்தில் வலியே கிடையாது. நிஜ நோயாளியை வைத்துப் படம் எடுக்க முடியாது, புரிகிறது. ஆனால் யார் தூக்குவது, எத்தனை பேர், தூக்கும்போது நோயாளியிடம் என்ன சொல்வது என்பதற்கெல்லாம் கிடைக்கும் இடம் டிகிரிக் கணக்குகளுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

நடமாடும் கருவிப் பகுதியில் இன்னொரு சங்கடம். ஆறடியாவது தள்ளி நில் என்கிறது புத்தகம். சரியான அறிவுரை, தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும். நம்மூர் பொது வார்டில் ஆறடி தள்ளினால் அடுத்த கட்டில், அதில் இன்னொரு நோயாளி, அவர் காலடியில் டிபன் கேரியரோடு ஒரு அம்மா. அட்டெண்டரை வெளியே அனுப்பினாலும் பக்கத்துக் கட்டில்காரரை எங்கே அனுப்புவது? புத்தகத்தின் மனதில் இருப்பது ஒற்றைக் கட்டில் அறை.

அறுவை அரங்குப் பகுதி நன்றாக இருக்கிறது. சி-ஆர்மில் டியூபை மேஜைக்குக் கீழே வை என்பதற்குக் காரணமும் சொல்கிறார்கள்: கதிர் உடம்புக்குள் நுழையும் பக்கத்தில்தான் சிதறல் அதிகம், டியூப் கீழே இருந்தால் அது கண்ணுக்கு வராமல் தரையைப் பார்த்துப் போகும். சர்ஜன் "கொஞ்சம் மேலே" என்றால் தலைப்பக்கமா, கூரைப்பக்கமா, திரையில் மேலேயா என்பதுதான் எனக்கு விடை கிடைக்காத கேள்வி.

பெரிய மருத்துவமனைகளில் கழுத்தடிக்கு நேராக சிடி ஸ்கேனுக்கே போகிறார்கள், இந்த அத்தியாயம் பழசு என்று சொல்வோர் உண்டு. கழுத்துக்கு வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவரின் நெஞ்சுக்கும், இடுப்பில் திருகு போடும் மேஜைக்கும் இதுதான் இன்றைக்கும் வழி.

ஒப்பிட்டுப் பார்க்க, மேரி க்யூரி முதல் உலகப்போர் அனுபவத்தை எழுதி 1921-இல் வந்த 'ரேடியாலஜியும் போரும்' புத்தகத்தை எடுத்தேன். எனக்கு பிரெஞ்சு தெரியாது, மெஷின் மொழிபெயர்ப்பு உபயம். அது மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. அங்கே எல்லா நோயாளியும் அடிபட்டவர்தான். கார் எஞ்சினே டைனமோவைச் சுற்றும், கேபிளை உள்ளே இழுத்து, ஜன்னலைத் துணியால் மறைத்து, வேலை தொடங்கும். உடலுக்குள் குண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை, டியூபை நகர்த்தி இரண்டு படம் எடுத்து, ஒத்த முக்கோணக் கணக்கில் கண்டுபிடிக்கிறார்கள். நோயாளி அசையவேண்டியதில்லை. 15-ஆம் அத்தியாயம் விதிவிலக்காகச் சொல்வது அங்கே பாலபாடம்.

இதையெல்லாம் பென்சிலில் ஓரத்தில் குறித்து, இடுப்புப் பக்கத்தில் '15-ஐப் பார்க்காமல் காலைத் தொடாதே' என்று பெரிதாக எழுதி, ரேடியோகிராபி இரண்டாம் வருஷம் படிக்கும் அக்கா மகளிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "மாமா, இந்த அத்தியாயத்துல இருந்து எத்தனை மார்க் வரும்?"