பரதீசு: மதிலும் தோட்டமும்

லூக்கா 23:43 வாசிக்கப்படுகையில் நம் சபையார் 'பரதீசு' என்பதை மேலுலகிலுள்ள ஓர் இடத்தின் பெயராக எண்ணுகின்றனரேயன்றி, மரஞ்செடிகளை நினைப்பதில்லை. இதற்கு நாம் வழங்கும் பழைய திருப்புதல் ஓரளவு பொறுப்பாகும் என்று கருதுகிறோம்.

இச்சொல் ஈரானிய மொழியில் பிறந்தது. அவெஸ்தாவில் 'பைரி' என்பது சுற்றிலும் என்றும், 'தஏஸ' என்பது மண் பிசைந்து எழுப்பிய சுவர் என்றும் பொருள்படும். வடமொழியின் 'பரி' என்ற முன்னொட்டும், நாம் அன்றாடம் வழங்கும் 'தேகம்' என்ற சொல்லும் இவற்றின் உறவினவே. (மண்ணால் மனுஷன் உருவாக்கப்பட்டதைப் பிரசங்கிப்போர் இவ்வுறவில் மயங்கலாகாது, சொல்லுறவு உபதேசமாகாது.) வெந்திதாது என்னும் பகுதியில் இச்சொல் குறிப்பது இன்பவனத்தையன்று, பிணத்தைத் தனியே சுமந்து தீட்டுப்பட்டவனை ஒதுக்கிவைக்கும் அடைப்பையே.

பாரசீக அரசர் காலத்தில் அது மதில் சூழ்ந்த அரச வனமாயிற்று. கி.மு. 401-இல் இளைய கோரேசின் படையோடு சென்ற செனபோன், கெலைனையில் அவ்வரசகுமாரன் குதிரையேறி வேட்டையாடிய வனத்தை இச்சொல்லாலேயே குறிக்கிறார். எபிரெயத்தில் அது 'பர்தேஸ்' என மும்முறை வருகிறது. நம் திருப்புதல் நெகேமியா 2:8-இல் 'வனம்' என்றும், பிரசங்கி 2:5, உன்னதப்பாட்டு 4:13 ஆகிய இடங்களில் 'சிங்காரவனம்' என்றும் பெயர்த்துள்ளது. இவை நல்ல பெயர்ப்புகளே.

ஆதியாகமத்தின் எபிரெய மூலத்தில் பர்தேஸ் இல்லை. 'கன்' என்ற சொல்லே உண்டு. செப்துவஜிந்து திருப்புதலாரே ஏதேன் தோட்டத்துக்குப் 'பரதைசொஸ்' என்று எழுதினர். அது அக்காலத்தில் தெய்வீக வாடை வீசிய சொல்லன்று. கி.மு. 196-இல் எகிப்தில் பொறிக்கப்பட்ட ரொசெத்தா கல்வெட்டு, திராட்சத்தோட்டங்களோடு பழத்தோட்டங்களின் வருவாய்ப் பங்கையும் பேசுமிடத்தில் இச்சொல்லையே ஆள்கிறது. வரி கொடுத்த குடியானவன் அறிந்த சொல் அது!

பின்னர் அது சீரியத்திலும் இலத்தீனிலும் புகுந்தது. அரபியில் 'ஃபிர்தௌஸ்' ஆகி, அவ்வுருவில் பாரசீகத்துக்கே திரும்பியது. நாட்டைவிட்டு நீங்காத பழைய வடிவமோ அங்கே 'பாலேஸ்' எனத் தேய்ந்து, வெள்ளரியும் முலாமும் விளையும் கொல்லையைக் குறிக்கலாயிற்று.

ஆகவே, வெளிப்படுத்தல் 2:7-ஐக் கிரேக்கத்தில் கேட்ட ஆதிச்சபையார், ஜீவவிருட்சம் நின்ற அதே தோட்டம் மீண்டும் திறக்கப்படுவதைச் சொல்லளவிலேயே உணர்ந்தனர். தமிழிலோ ஆதியாகமத்தில் 'தோட்டம்', இங்கே 'பரதீசு'. ஜீவவிருட்சம் என்ற சொல் இல்லாவிடில் இத்தொடர்பு முற்றும் மறைந்திருக்கும். 2 கொரிந்தியர் 12:4-இல் மூன்றாம் வானம் முன்வசனத்தில் பேசப்படுதலால், அங்கே பரதீசு என்று விட்டதற்கு நியாயமுண்டு. முதல் நூற்றாண்டு யூதரிடையே நீதிமான்களின் இளைப்பாறுமிடம் என்ற பொருளும் வேரூன்றியிருந்தது. வெளிப்படுத்தலுக்கு அந்நியாயம் பொருந்தாது. அங்கே 'தேவனுடைய தோட்டம்' என்றே இருத்தல் வேண்டும். லூக்காவில் சொல்லை மாற்ற நாம் துணியோம். மரணப்படுக்கையருகே தலைமுறைகளாக வாசிக்கப்பட்ட வசனம் அது. ஓரக்குறிப்பில் 'ஆதி. 2:8 காண்க' என்று சேர்த்தால் போதும்.