முதலில் நம்ப வேண்டியவர்

வர்ணனையாளர் மைக்கேல் கோலின் வாழ்க்கையில் இரண்டு இரவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தொழில்முறை மல்யுத்தத்தில் நல்ல வர்ணனை எது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். முதலாவது 2011 ஏப்ரல் 3, அட்லாண்டாவில் நடந்த ரெஸில்மேனியா. அதற்கு முந்தைய பல மாதங்களாக கோல் வில்லன் வர்ணனையாளர் வேடம் போட்டிருந்தார். மிஸ் என்ற சாம்பியனுக்கு வெளிப்படையாக ஜால்ரா தட்டினார், டேனியல் பிரையனை வாரந்தோறும் மட்டம் தட்டினார், ரிங் ஓரத்தில் தனக்கென்று ஒரு கண்ணாடிக் கூண்டு கட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்து பேசினார். கடைசியில், பக்கத்து நாற்காலியில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த சக வர்ணனையாளர் ஜெர்ரி லாலரோடு ரிங்குக்குள் இறங்கி மோதவும் செய்தார். ரசிகர்கள் அந்த மோதலை ரசிக்கவில்லை. அந்தக் காலத்து ஒளிபரப்பையே சகித்துக்கொண்டுதான் பார்த்தார்கள். இரண்டாவது இரவு 2012 செப்டம்பர் 10, மாண்ட்ரியல். நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே லாலருக்கு மாரடைப்பு வந்து, அதே வர்ணனை மேசையில் சரிந்தார். இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை என்று கோல் நிதானமாகச் சொன்னார். லாலருக்கு மரியாதையாக இனி வர்ணனை கிடையாது என்று அறிவித்தார். மிச்ச நேரத்தில் அவ்வப்போது தோன்றி, தெரிந்ததை மட்டும் தெரிவித்தார். முந்தைய ஆண்டு அவரைத் திட்டியவர்கள் அன்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பினார்கள்.

குரல் அதே குரல். மல்யுத்தப் பிடிகளைப் பற்றிய அறிவும் பதினேழு மாதத்தில் பெரிதாகக் கூடியிருக்காது. அப்படியானால் மாறியது என்ன? 2011-ல் கோல் தன்னைப் பார்க்கச் சொன்னார். 2012-ல் நடப்பதைப் பார்க்கச் சொன்னார். மல்யுத்த வர்ணனையாளரைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் குரல்வளம், நகைச்சுவை, அடிகளின் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கும் வேகம் ஆகியவற்றைத்தான் புகழ்கிறோம். இவை எல்லாமே உதவும், ஆனால் இவை இருந்தும் தோற்றவர்கள் ஏராளம். என் கருத்தில் அந்த வேலையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ரிங்கில் நடப்பதற்கு விளைவு உண்டு என்று முதலில் நம்ப வேண்டியவர் வர்ணனையாளர். ஓர் அடி விழுந்தால் அது உடம்பை என்ன செய்தது, எதிராளியின் திட்டத்தை எப்படிக் கலைத்தது, அடுத்த ஐந்து நிமிடத்தில் அது எங்கே வந்து நிற்கும் என்று அவர் கவலைப்பட்டால் நாமும் கவலைப்படுவோம். அவர் கவலைப்படாத இடத்தில் எவ்வளவு உயரத்திலிருந்து ஒருவர் குதித்தாலும் அது சர்க்கஸ்தான்.

ஃபுளோரிடா மல்யுத்தத்தின் குரலாகப் பல ஆண்டுகள் இருந்த கார்டன் சோலி இதை ஏறக்குறைய கத்தாமலே செய்து காட்டினார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் மதிப்புமிக்க செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட்டோடு ஒப்பிட்டு அவரைப் பேசுவது வழக்கம். ஒரு பிடியின் பெயரைச் சொன்னதோடு நிறுத்தாமல், அது எந்த மூட்டைத் திருகுகிறது, எந்தப் பக்கம் உருண்டால் விடுபடலாம் என்று அமைதியாக விளக்குவார். அந்த அமைதியால்தான், அவர் குரல் எப்போதாவது உயர்ந்தபோது விபரீதம் நடந்துவிட்டது என்று வீட்டிலிருந்தவர்களுக்குப் புரிந்தது. அதன் நேர் எதிர்முனையில் நிற்பவராக ஜிம் ராஸைச் சொல்வார்கள். ஓக்லஹோமா வட்டாரத்தில் தொழில் கற்ற ராஸ், உச்சக் குரலுக்குப் பெயர்போனவர். 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில், 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து மேன்கைண்ட் என்கிற மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் தூக்கி எறிந்தார். ஃபோலி கீழே இருந்த ஸ்பானிய வர்ணனையாளர்களின் மேசையைப் பிளந்துகொண்டு விழுந்தார். கடவுளைச் சாட்சிக்கு அழைத்து, அந்த மனிதன் இரண்டாக முறிந்துவிட்டான் என்று ராஸ் அலறியது இன்றுவரை கால்பந்து மோதல் முதல் பூனை வழுக்கி விழுவது வரை எல்லாக் காணொளிக்கும் பின்குரலாக ஒட்டப்படுகிறது. ஆனால் அந்த இரவில் அவரை உயர்த்தியது அந்த அலறல் என்று நான் நினைக்கவில்லை. ஃபோலி மறுபடியும் கூண்டின் மேல் ஏறினார். இந்த முறை கூரைத் தகடு எதிர்பாராமல் பிய்ந்து, நேராக ரிங்குக்குள் விழுந்தார். அப்போது ராஸ் கேட்டது ஒன்றுதான்: யாராவது இந்தப் போட்டியை நிறுத்துங்கள், போதும். தான் விற்க வேண்டிய சரக்கையே நிறுத்தச் சொல்கிறார் விற்பனையாளர். பார்ப்பவர்கள் மனதில் ஓடியதை அவர்களுக்கு அரை நொடி முன்பே சொல்லிவிட்டார். சோலியின் தணிந்த குரலும் ராஸின் உச்சக் குரலும் இந்த இடத்தில் ஒன்றுதான். இருவருக்குமே கீழே கிடப்பவனின் முதுகெலும்பு முக்கியம்.

இந்த வாதத்துக்கு வில்லன் தரப்பு வர்ணனையாளர்கள் எப்படிப் பொருந்துவார்கள் என்று கேட்கலாம். பொய் சொல்வது, ஏமாற்றுக்காரனுக்கு வக்காலத்து வாங்குவது, நல்லவனைக் கேலி செய்வது இவையே அவர்கள் பிழைப்பு. அந்த வகையில் ஆகச் சிறந்தவர் பாபி ஹீனன் என்பதில் ரசிகர்களிடையே பெரிய சண்டை கிடையாது. அவருடைய உச்சம் 1992 ஜனவரி 19, ஆல்பனியில் நடந்த ராயல் ரம்பிள். முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக நுழையும் அந்த ஆட்டத்தில், அன்று காலியாக இருந்த உலகப் பட்டமே பரிசு. ஹீனன் ஆதரித்த ரிக் ஃபிளேர் மூன்றாவது ஆளாகவே வந்துவிட்டார். வெல்ல வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட கணத்தில் ஹீனனின் நெஞ்சு உடைந்தது. அதன்பின் ஒரு மணி நேரம் அவர் கெஞ்சினார், கணக்குப் போட்டார், ஃபிளேருக்கு உதவியவனை வாழ்த்தி, மறு நிமிடமே அவன் அடித்தபோது சபித்தார். பக்கத்தில் சக வர்ணனையாளர் கொரில்லா மான்சூன் கண்டிப்பான பெரியவர் போல அதட்டிக்கொண்டே இருந்தார். இதில் தொழில்நுட்பமாகக் கவனிக்க ஒன்று உண்டு. ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கயிற்றோரம் முட்டிக்கொண்டு நிற்கும் ஆட்டத்தில் பார்ப்பவரின் கண் எங்கே போவது என்று தெரியாமல் அலையும். ஹீனனின் பதற்றம் அந்தக் கண்ணைப் பிடித்து ஃபிளேர் மேல் நிறுத்தியது. கூட்டக் குழப்பம் ஒரு மனிதனின் கதையாக மாறியது. அவ்வளவு சிரிக்க வைத்தும் ஒரு சிரிப்புகூட ஆட்டத்தின் மதிப்பைக் குறைக்கவில்லை, ஏனென்றால் ஃபிளேர் தோற்றால் உலகமே இடிந்துவிடும் என்று ஹீனன் மனதார நம்பினார். கோலின் கண்ணாடிக் கூண்டு தவறவிட்டது இதைத்தான். ஹீனன் தன் ஆளுக்காகத் துடித்தார், கோல் தனக்காகத் துடித்தார்.

ஹீனன் மேல் ஒரு குற்றச்சாட்டும் நீண்ட காலமாக உண்டு. 1996 ஜூலை 7 அன்று டேடோனா பீச்சில், ஸ்காட் ஹால், கெவின் நாஷ் ஆகியோரின் மர்மமான மூன்றாவது கூட்டாளி யார் என்று எல்லோரும் காத்திருந்தபோது ஹல்க் ஹோகன் நடந்து வந்தார். அவர் காப்பாற்ற வருகிறார் என்று அரங்கம் ஆர்ப்பரிக்கையில், இவர் எந்தப் பக்கம் என்று ஹீனன் கேட்டுவிட்டார். ஹோகனே அந்த மூன்றாவது கூட்டாளி என்ற திருப்பத்தை முன்கூட்டியே உடைத்துவிட்டார் என்கிறார்கள். எனக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை. ஹோகன் ஒரு போலி என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒரே மனிதர் ஹீனன். அவர் அன்று ஹோகனைக் கைதட்டி வரவேற்றிருந்தால்தான் பாத்திரம் உடைந்திருக்கும். பொய்யன் என்று நாம் முடிவு கட்டிவைத்திருந்த ஒருவர் சொன்னதே மெய்யாகிப் போனது அந்தத் திருப்பத்துக்குக் கூடுதல் வலியைத்தான் கொடுத்தது.

முடிவு முன்பே எழுதப்பட்டது என்று ஊருக்கே தெரியும்போது இவ்வளவு நம்பிக்கை எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். படித்தவர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள். பதினெட்டாம் போர் தெருக்கூத்தில் துரியோதனன் சாவான் என்பது களத்தில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். அதனால் யாரும் விடியுமுன் எழுந்து போவதில்லை. முடிவு தெரிந்திருப்பது ஈடுபாட்டைக் கெடுக்காது. ஈடுபாட்டைக் கெடுப்பது, இதெல்லாம் ஒரு விஷயமா என்ற தொனி. அதற்கு வரலாற்றில் தெளிவான சாட்சி 1999 ஜனவரி 4. ரா, நைட்ரோ இரண்டும் எதிரெதிர் நிறுவனங்கள் ஒரே நேரத்தில் ஒளிபரப்பிய நிகழ்ச்சிகள். அன்றைய ரா முன்பே பதிவு செய்யப்பட்டிருந்தது. அதில் மிக் ஃபோலி உலகப் பட்டம் வெல்கிறார் என்ற முடிவை, நைட்ரோ நேரலையில் அதன் வர்ணனையாளர் டோனி ஷியாவோனே மேலிடத்து உத்தரவுப்படி போட்டு உடைத்தார். உடைத்ததோடு, இதற்காக நாற்காலிகள் நிரம்பிவிடுமாக்கும் என்ற பொருளில் ஓர் ஏளனமும் சேர்த்தார். லட்சக்கணக்கானவர்கள் அந்த நிமிடமே சேனலை மாற்றினார்கள். முடிவு தெரிந்த பிறகு, அந்த முடிவைப் பார்ப்பதற்காகவே மாற்றினார்கள்! எழுதப்பட்ட முடிவை அறிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற வாதம் அன்றைக்கே செத்துவிட்டது. நைட்ரோ அதற்கு முன்பும் பலமுறை எதிராளியின் முடிவுகளைச் சொல்லியிருக்கிறது. இந்த முறை கூடுதலாக வந்தது ஏளனம். பல்லுடைந்து, எலும்பு நொறுங்கி மேலே வந்த ஒரு மனிதனின் வெற்றி அற்பம் என்று ஒரு வர்ணனையாளர் சொன்னதை ரசிகர்கள் ஏற்கவில்லை. ஷியாவோனே திறமையானவர். அன்றைக்கு அவர் வாயில் திணிக்கப்பட்டது அவருடைய தொழிலுக்கே எதிரான வாக்கியம்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அரங்கத்தில் இருப்பவர்களுக்கு வர்ணனை கேட்பதே இல்லை. பிட்ஸ்பர்க் அரங்கில் ராஸின் ஒரு சொல்லும் காதில் விழாமலே ஆயிரக்கணக்கானோர் வாயடைத்து எழுந்து நின்றார்கள். அப்படியானால் வர்ணனை வெறும் அலங்காரம்தானே? அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர்தான் வர்ணனையாளர். முன்வரிசை எழுந்தால் பின்வரிசை எழுகிறது. பயமும் ஆனந்தமும் உடம்பிலிருந்து உடம்புக்குப் பரவுகின்றன. தொலைக்காட்சி முன் தனியாக இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. கேமரா காட்டும் துண்டுக் காட்சிகள்தான் அவருக்குக் கிடைக்கும். அவற்றை இணைத்துப் பொருள் கொடுக்கும் துணை ஒன்று தேவை. ஒரு மல்லர் எட்டாவது நிமிடத்தில் எதிராளியின் இடது முழங்காலை உதைத்ததை அரங்கத்தில் இருப்பவர் மறந்துவிடலாம். இருபதாவது நிமிடத்தில் அந்தக் கால் மடங்கும்போது, எட்டாவது நிமிடத்தை நமக்கு நினைவூட்டுபவர் வர்ணனையாளர். மல்லர்கள் உடம்பால் எழுதும் கதைக்கு நினைவாற்றலாக இருப்பது அவர் பொறுப்பு.

இந்தக் கவலையெல்லாம் நடிப்புதானே என்று இன்னும் தோன்றினால், 1999 மே 23-ஐ எண்ணிப் பார்க்க வேண்டும். கன்சாஸ் சிட்டியில் கூரையிலிருந்து இறங்க வேண்டிய மல்லர் ஓவன் ஹார்ட், கொக்கி கழன்று ரிங்கில் விழுந்தார். அப்போது வீடுகளில் ஒரு பதிவுக் காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் அவர் விழுந்ததைத் தொலைக்காட்சி ரசிகர்கள் பார்க்கவில்லை. அவர்களிடம், இது கதையின் பகுதி இல்லை, உண்மையிலேயே நடந்தது என்று ராஸ் சொல்ல வேண்டியிருந்தது. சற்று நேரம் கழித்து ஹார்ட் இறந்துவிட்டார் என்றும் ராஸ்தான் சொன்னார். அரங்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நிறுவனம் நிகழ்ச்சியைத் தொடர்ந்தது பெரும் பிழை, அதை எந்த வர்ணனையும் நேர்செய்யாது. ஆனால் ராஸின் குரலைக் கவனியுங்கள். வழக்கமான உரிச்சொற்கள் போய்விட்டன, உவமைகள் போய்விட்டன, வெறும் எழுவாயும் பயனிலையும் மிஞ்சின. மாண்ட்ரியலில் கோல் செய்ததும் இதே கழித்தல்தான். ஒவ்வொரு சாதாரண அடியையும் உலக அழிவு என்று வர்ணிப்பவரிடம் இப்படிக் கழிக்க ஒன்றும் இருக்காது; அவர் உண்மையைச் சொன்னாலும் அதுவும் ஒரு வித்தை என்றே எண்ணுவோம். உரத்த சொல்லைச் சிக்கனமாகச் செலவழிப்பது அழகுணர்ச்சி சார்ந்த விஷயம் மட்டுமில்லை. ரசிகர் தன்னை நம்பும் அளவைச் சேமித்து வைப்பதும் அதில் அடங்கும்.

கடைசியாக, இன்றைய வர்ணனையாளருக்கு நம்புவதற்கு நேரம் எங்கே என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி. கோலும் ராஸும் வேலை பார்த்த நிறுவனத்தின் தலைவர் வின்ஸ் மக்மஹோன் பல ஆண்டுகள் வர்ணனையாளர்களின் காதுக்குள் ஹெட்செட் வழியாக ஓயாமல் பேசினார், திட்டினார், எந்தச் சொல்லை எப்போது சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டார். 2008-ல் அந்த நிறுவனத்தின் ஸ்மாக்டவுன் நிகழ்ச்சிக்கு வர்ணனையாளராக வந்த மிக் ஃபோலி சில மாதங்களில் வெளியேறியதற்கு அந்தக் கூச்சலே காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அத்தனை அடிகளைத் தாங்கியவரால் அதைத் தாங்க முடியவில்லை. காதில் ஒரு குரல், கண்ணில் ஒரு ஆட்டம், வாயில் ஒரு விளம்பர வாசகம் என்றால் விளைவைப் பற்றி யோசிக்க மனதில் இடம் எங்கே? ஆகவே மோசமான வர்ணனைக்கு எப்போதும் மேசையில் இருப்பவரையே பழிப்பது சரியில்லை. 2011-ன் கோலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2022 ஜூலையில் மக்மஹோன் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு கோல் பேசும் விதம் தளர்ந்ததை ரசிகர்கள் உடனே உணர்ந்தார்கள். அரங்கமே ஒரு மல்லரின் நுழைவுப் பாடலைச் சேர்ந்து பாடும்போது குறுக்கே விழாமல் விடுகிறார், பழைய போட்டிகளை நினைவிலிருந்து எடுத்து இன்றைய அடியோடு கோக்கிறார், பக்கத்தில் இருப்பவர் பேசி முடிக்கக் காத்திருக்கிறார். பட்டப் போட்டியின் நடுவில் ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கையில் குளிர்பானத்தின் பெயரை வாசிக்கும் வழக்கம்தான் இன்னும் போகவில்லை. அந்த வாசகங்கள் அத்தனையையும் போட்டிகளுக்கு இடையிலான நேரத்துக்குத் தள்ளிவைப்பதால் எந்த விளம்பரதாரரும் ஓடிவிடப் போவதில்லை. தயாரிப்பாளர் அறையில் இருப்பவர்கள் நாளைக்கே செய்யக்கூடிய மாற்றம் அது.