கொல்லுதலும் சாகவிடுதலும்: ஜேம்ஸ் ரேச்சல்ஸின் வாதம் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

குணப்படுத்த இயலாத நோயினால் வருந்தும் ஒருவரின் துன்பத்தை முடிவுறுத்தும் நோக்குடன் பிறரொருவர் அவரது உயிரைப் போக்குதல் கருணைக் கொலை எனப்படுகின்றது. மரணத்தை விளைவிக்கும் ஊசிமருந்தை ஏற்றுதல் போன்றதொரு செயலினால் அது நிகழலாம். உயிரை நீடிக்கும் சிகிச்சையைத் தொடங்காது விடுதலாலோ இடையில் நிறுத்துதலாலோ நிகழலாம். முன்னையது கொல்லுதல், பின்னையது சாகவிடுதல். கொல்லுதல் எந்நிலையிலும் தகாதது, சாகவிடுதல் சில வேளைகளில் தக்கது என்பதே வைத்திய உலகு நெடுங்காலம் போற்றிவந்த கொள்கையாகும். இக்கொள்கையின் அடித்தளத்தையே வினாவுக்குட்படுத்திய கட்டுரையொன்றை அமெரிக்க மெய்யியலாளரான ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1975ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து வைத்திய சஞ்சிகை'யில் வெளியிட்டார். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரையின் வலிமை எது, அதன் எல்லை எது என்பன ஈண்டு நோக்கற்குரியன.

ரேச்சல்ஸ் தாக்கியது 1973ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்க வைத்தியச் சங்கம் ஏற்றுக்கொண்ட கூற்றொன்றையாகும். ஒரு மனிதரின் உயிரை மற்றொருவர் வேண்டுமென்றே முடித்தல் வைத்தியத் தொழிலின் நெறிக்கு முரணானது என்றும், மரணம் அண்மித்தமை ஐயமின்றித் தெரியுமிடத்து அசாதாரண சிகிச்சை முறைகளை நிறுத்துதல் நோயாளியினதும் அவரது நெருங்கிய குடும்பத்தினரதும் தீர்மானத்திற்குரியது என்றும் அக்கூற்று வகுத்தது. ரேச்சல்ஸின் முதலாவது எதிர்வாதம் எளிமையானது. தொண்டைப் புற்றுநோயினால் தாங்கொணா வேதனையுற்று, சில நாட்களில் இறக்கவிருக்கும் ஒருவருக்குச் சிகிச்சையை நிறுத்தினால் அவர் உடனே இறப்பதில்லை. வேதனையுடனேயே மேலும் கிடந்து இறக்கின்றார். சிகிச்சையை நிறுத்துவதற்குக் காரணமாயிருந்தது இரக்கமெனின், அவ்விரக்கமே விரைவான மரணத்தையன்றோ வேண்டிநிற்கும்? இரக்கத்தின் பெயரால் தொடங்கிய செயல் கூடுதலான துன்பத்தில் முடிகின்றது.

அவரது இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் குழந்தைகள் சிலருக்குக் குடலடைப்பும் காணப்படுவதுண்டு. எளிய சத்திரசிகிச்சையினால் நீக்கத்தக்க அவ்வடைப்பை நீக்காது குழந்தையைச் சாகவிட்ட சம்பவங்கள் அக்காலத்தில் நிகழ்ந்தன. அக்குழந்தை வாழத்தக்கதா என்ற வினாவைக் குடலின் நிலை தீர்மானிப்பது எவ்வகையில் நியாயமாகும்? கொல்லுதல், சாகவிடுதல் என்ற வேறுபாடு சம்பந்தமற்ற காரணங்களை வாழ்வு சாவுத் தீர்ப்புகளுக்கு அடிப்படையாக்குகின்றது என ரேச்சல்ஸ் காட்டினார். சாகவிடும் வைத்தியர் எதுவும் செய்யவில்லை என்ற சமாதானத்தையும் அவர் ஏற்றிலர். கைகுலுக்க மறுப்பவன் அம்மறுப்பினாலேயே மற்றவனை அவமதிப்பதுபோல, சாகவிடுதலும் ஒரு செயலே, அதற்கும் பொறுப்புண்டு. இவ்வளவில் அவரது வாதம் அசைக்க முடியாதது. வாளாவிருந்தமை ஒருவரைக் குற்றத்தினின்று விடுவிக்காது என்பதை நிறுவியமையே அக்கட்டுரையின் நிலையான பயன் எனலாம்.

ஆயின், கட்டுரையின் புகழ்பெற்ற பகுதி இதுவன்று. ஸ்மித், ஜோன்ஸ் என்ற கற்பனை மாந்தர் இருவரை ரேச்சல்ஸ் அங்கே அறிமுகப்படுத்துகின்றார். ஆறு வயதுச் சிறுவனான உறவினன் இறந்தால் இருவருக்குமே பெருஞ்சொத்துக் கிடைக்கும். ஸ்மித் சிறுவனைக் குளியற்றொட்டியில் அமிழ்த்திக் கொல்கின்றான். ஜோன்ஸ் அதே நோக்குடன் செல்கின்றான். சிறுவனோ தானே வழுக்கி விழுந்து நீரில் அமிழ்கின்றான். ஜோன்ஸ் பார்த்துக்கொண்டு நிற்கின்றான். இருவரும் சமமான கொடியவர்களாதலின், கொல்லுதலும் சாகவிடுதலும் தம்மளவில் ஒழுக்கவியல் வேறுபாடு அற்றவை என்பது அவரது முடிபு.

இம்முடிபே ஐயத்திற்குரியது. கடல்நீரில் இட்ட ஒரு பிடி உப்பின் சுவை தனியே தெரிவதில்லை. அதனால் உப்புக்குச் சுவையில்லை என்று கொள்ளுதல் பொருந்துமா? பேராசையும் வஞ்சகமும் நிரம்பிய இரு நிகழ்ச்சிகளில் வேறுபாடு புலப்படாமை, எல்லா நிகழ்ச்சிகளிலும் அது இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஓர் எடுத்துக்காட்டு ஒரு பொதுவிதியைத் தகர்க்கலாம். எதிரான பொதுவிதியொன்றை நிறுவமாட்டாது.

பிரித்தானிய மெய்யியலாளர் பிலிப்பா ஃபூட் 1977இல் எழுதிய 'கருணைக் கொலை' என்ற கட்டுரை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. பின்வாங்கும் படையொன்று காயமுற்ற வீரரைப் பாழ்நிலத்தில் விட்டுச்செல்ல நேர்கின்றது. பட்டினியோ பகைவரோ அவர்களைக் கொல்வது உறுதி. அந்நிலையில் சுட்டுக்கொல்வதே இரக்கமாகக் கருதப்பட்டதுண்டு. ஆனால் அவர்களுள் ஒருவன் தன்னை உயிருடன் விட்டுச்செல்லுமாறு வேண்டினால்? விட்டுச்செல்லலாம், சுடுதல் ஆகாது. இறத்தலே அவனுக்கு நன்மையெனினும் ஆகாது. ஏனெனில் அவனது உயிர் அவனது உரிமை. கொல்லாமை நீதியின்பாற்பட்ட கடமை. உதவுதல் ஈரத்தின்பாற்பட்ட கடமை. இவ்விரண்டும் வேறுபட்டவை என்பதே ஃபூட்டின் வாதம். விளைவை மாத்திரம் நிறுக்கும் பெந்தம், மில் ஆகியோரின் பயன்வழிக் கொள்கையால் இவ்வேறுபாட்டை நேரடியாக விளக்குதல் அரிது. விதிவிலக்கற்ற கடமை, விரிவுக்கு இடந்தரும் கடமை எனப் பிரித்த கான்ற்றின் ஒழுக்கவியலோ இதற்கு அண்மையில் நிற்கின்றது.

எனினும் ஃபூட்டின் எடுத்துக்காட்டை மறுபுறமாகவும் நோக்குதல் வேண்டும். அவ்வீரன் தன்னைச் சுடுமாறு மன்றாடினால், உரிமைக்குரியவனே உரிமையை விடுவிக்கின்றான். நீதியின் தடை அங்கே நீங்குகின்றது. அந்நிலையில் எஞ்சுவது இரக்கமொன்றே. ரேச்சல்ஸின் வாதமும் அங்கே உயிர்பெறுகின்றது. துன்பத்தினின்று தப்புதற்காகத் தன்னுயிரை முடிப்பவன் தன்னையே ஒரு கருவியாக்குகின்றான் என 1785இல் எழுதிய கான்ற் இதனை ஒப்பார். அவரது பெயரால் இன்று போற்றப்படும் தன்னாளுகை, அவரே மறுத்த முடிவுக்கு இட்டுச்செல்வது விந்தையே. ஆகவே, கொல்லுதலுக்கும் சாகவிடுதலுக்குமிடையிலான வேறுபாடு எங்கும் உள்ளதுமன்று, எங்கும் இல்லாததுமன்று. நோயாளியின் சம்மதம் இல்லாதவிடத்து அது முழு வலிமையுடன் நிற்கின்றது. மெய்யான சம்மதம் உள்ளவிடத்து வலிமையிழக்கின்றது.

சம்மதத்தை அறியவே இயலாத நிலையும் உண்டு. 1989இல் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலில் மூளைக்கு ஒட்சிசன் தடைப்பட்டு, உணர்வு மீளாத நிலையில் கிடந்த இளைஞர் ஒருவரைப் பற்றிய பிளான்ட் வழக்கில், குழாய்வழி உணவூட்டலை நிறுத்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1993இல் அனுமதி வழங்கியது. அவ்வுணவூட்டல் சிகிச்சையின் ஒரு பகுதியெனவும், பயனற்ற சிகிச்சையைத் தொடரும் கடமை வைத்தியருக்கு இல்லையெனவும் கொள்ளப்பட்டது. அதேவேளை, உயிர்நீக்கும் ஊசிமருந்து கொலையே என்ற சட்டநிலையும் பேணப்பட்டது. உணவின்றி மெல்ல இறக்கவிடுதல் சட்டத்திற்கு இயைந்தது, உடனடி மரணம் இயையாதது என்பதற்கு ஒழுக்கவியல் விடை காண்பது கடினமென நீதியரசருள் ஒருவரான பிரௌன் வில்கின்சன் பிரபுவே ஒப்புக்கொண்டார். ரேச்சல்ஸின் வினா நீதிமன்றத்திலேயே எதிரொலித்தது. ஆயினும் அவ்விளைஞர் வேதனையை உணர்ந்தாரல்லர். எனவே இரக்கத்தை முதலாகக் கொண்ட ரேச்சல்ஸின் முதல் வாதமும் அங்கே பற்றுக்கோடின்றி நிற்கின்றது.

இனி, சம்மதம் மெய்யானதா என்பதே எஞ்சும் வினா. நெதர்லாந்து 2001இல் நிறைவேற்றிய சட்டம், நோயாளியின் வேண்டுகோள் தன்விருப்பானதாகவும் நன்கு சிந்திக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டுமென விதித்தது. அது 2002இல் நடைமுறைக்கு வந்தது. கனடா 2016இல் இயற்றிய சட்டத்தை 2021இல் திருத்தி, மரணம் அண்மிக்காதவர்க்கும் வழி திறந்தபோது, மாற்றுத்திறனாளர் அமைப்புகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன. வாழ்வதற்கு வேண்டிய உதவி கிட்டாதவர் சாவை வேண்டுவது எவ்வாறு சுதந்திரமான தேர்வாகும் என்பது அவற்றின் வினா. இவ்வினாவுக்கு ரேச்சல்ஸின் கட்டுரையில் இடமில்லை. அவரது தொண்டைப் புற்றுநோயாளி முன் இரு வழிகளே உள்ளன: வேதனையுடன் மெல்ல இறத்தல், வேதனையின்றி விரைவில் இறத்தல். ஆனால் அக்கட்டுரை வெளிவருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1967இல், சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் நிலையத்தை நிறுவி, இறக்கும் நோயாளரின் உடல்வலியையும் உளவலியையும் ஒருங்கே தணிக்கும் பராமரிப்பைத் தொடங்கிவிட்டார். எல்லாத் துன்பத்தையும் இப்பராமரிப்பு நீக்கிவிடும் எனக் கூறவியலாது. எனினும், வலிதணிக்கும் மருந்தும் ஆதரவும் மறுக்கப்பட்டவரின் வேண்டுகோளைச் சம்மதம் என்று கொள்வது, குடலடைப்பைக் காரணங்காட்டிக் குழந்தையைச் சாகவிட்டதற்கு ஒப்பான தவறேயாகும். அங்கேயும் சம்பந்தமற்ற ஒன்றே உயிரைத் தீர்மானிக்கின்றது.

கொல்லுதலா, சாகவிடுதலா என்ற வினா வைத்தியரின் கையை நோக்கி எழுப்பப்படுவது. அவர்தம் மனச்சாட்சிக்கு அது ஆறுதல் தரலாம். ரேச்சல்ஸ் அவ்வாறுதலைப் பறித்தார், அது நன்றே. ஆனால், எந்தக் கையாலும் வேறுபாடில்லை என்று கூறியதோடு அவர் அமைந்துவிட்டார். நோயாளி வேண்டியது யாது, அவ்வேண்டுதலின் பின்னணியில் அவருக்கு மறுக்கப்பட்டவை எவை என்ற வினாக்களே முதலில் எழுப்பப்பட வேண்டியவை. இவற்றுக்கு விடை காணாதவிடத்துக் கொல்லுதலை அனுமதிக்கும் கொள்கையும் சாகவிடுதலை அனுமதிக்கும் கொள்கையும் ஒருங்கே நியாயமற்றவையாகும்.